கென்யாவில் அதிபர் வைத்ததுதான் சட்டமா?

கேள்வி: கென்யாவில் நாடாளுமன்றம், நீதிமன்றம் எல்லாம் பேருக்குத்தானே? அதிபர் வைத்ததுதானே சட்டம்?

இல்லை. நைரோபிக்கு வேலை மாற்றல் கிடைத்து, போகலாமா வேண்டாமா என்ற யோசனையில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குடும்பத்தோடு சில வருடங்கள் அங்கே இருந்தவன் என்பதால், இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை.

2017 ஆகஸ்ட் 8 அன்று தேர்தல். பதவியில் இருந்த உஹுரு கென்யாட்டா 54 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்ததாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. அவரை எதிர்த்து நின்ற எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்கா உச்ச நீதிமன்றம் போனார். அந்த நாட்டுச் சட்டப்படி அதிபர் தேர்தல் வழக்கை 7 நாளுக்குள் போட வேண்டும். போட்ட 14 நாளுக்குள் தீர்ப்பு வந்தாக வேண்டும். வாய்தா வாங்கி இழுத்தடிக்க வழியே கிடையாது.

செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை தீர்ப்பு. 2007 தேர்தலை அடுத்த கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்ததை யாரும் மறக்கவில்லை. எங்கள் குடியிருப்பில் எல்லார் வீட்டிலும் அரிசியும் மக்காச்சோள மாவும் வாங்கி அடுக்கி வைத்திருந்தோம். கேட்டில் காவலுக்கு இருந்த பெரியவர் சின்ன ரேடியோவை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பால் பாக்கெட்டோடு நானும் பக்கத்தில் நின்றுவிட்டேன். தேர்தல் செல்லாது, 60 நாளுக்குள் மறுபடி நடத்துங்கள் என்று தலைமை நீதிபதி டேவிட் மராகா வாசித்தார். நான்கு நீதிபதிகள் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். பெரியவர் கென்யாட்டாவுக்கு ஓட்டுப் போட்டவர், முகம் தொங்கிப்போய்விட்டது. ஆனால் அவர் சொன்னது இதுதான்: "கோர்ட் சொல்லிவிட்டது. திரும்பப் போய் வரிசையில் நிற்க வேண்டியதுதான்."

கென்யாட்டா நீதிபதிகளைக் கடுமையாகத் திட்டினார். ஆனாலும் தேர்தலைச் சந்தித்தார். அக்டோபர் 26 மறுதேர்தலை ஒடிங்கா புறக்கணித்ததால் கென்யாட்டாவே மறுபடி வந்தார். அப்புறம் தீர்ப்பால் என்ன பிரயோஜனம் என்று சிலர் வருவார்கள். யார் ஜெயித்தார் என்பது வேறு. ஆளும் அதிபரின் வெற்றியை ஒரு நீதிமன்றத்தால் ரத்து செய்ய முடிந்தது என்பது வேறு.

அந்த அக்டோபரில் சென்னைக்கு டிக்கெட் போட்டிருந்தோம். தேர்தல் தேதி மாறியதால் ரத்து செய்யச் சொன்னோம். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்ற டிக்கெட் ஏஜென்ட் அதோடு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். நான்கு பேருக்கான காசு, இன்றுவரை வரவில்லை. நம்மவர்தானே என்று நம்பிக் கொடுத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதற்கெல்லாம் அடித்தளம் 2010 அரசியலமைப்பு. நம் ஊர் மாதிரி எம்.பி.யே அமைச்சராக இருக்க முடியாது. அதிபர் வெளியிலிருந்து பெயர் கொடுக்க வேண்டும், தேசிய சட்டமன்றம் அவர்களை விசாரித்து ஒப்புதல் தர வேண்டும். மேலவையான செனட்டின் முக்கிய வேலை 47 கவுண்டிகளின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி, ஆனால் தனி அரசு உள்ளவை) நலனைப் பார்ப்பது. நாட்டு வருவாயில் குறைந்தது 15 சதவீதம் அந்தக் கவுண்டிகளுக்குப் போக வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. 2024 அக்டோபரில் துணை அதிபர் ரிகாத்தி கச்சாகுவாவைப் பதவியிலிருந்து இறக்கியதும் இந்த இரண்டு அவைகள்தான்.

கென்யாவைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தேர்ந்தெடுக்கப்பட்ட அவைகளில் ஒரே பாலினத்தவர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை நாடாளுமன்றம் நிறைவேற்றவில்லை. அதனால் நாடாளுமன்றத்தையே கலைக்கும்படி 2020இல் இதே மராகா அதிபருக்கு எழுதினார், கலைக்கவில்லை. நீதித்துறைப் பணி ஆணையம் பரிந்துரைத்த நீதிபதிகளில் சிலரை நியமிக்க கென்யாட்டா கடைசிவரை மறுத்தார். அதெல்லாம் அநியாயம்தான். ஆனால் அவர் முன்னெடுத்த அரசியலமைப்புத் திருத்தத்தை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், கடைசியில் 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் என மூன்று இடத்திலும் தடுத்ததும் அதே நாட்டில்தான்.

தாராளமாகப் போய் வாருங்கள். அடுத்த தேர்தல் 2027 ஆகஸ்டில். அந்தச் சமயத்தில் ஊருக்கு வருவதாக இருந்தால், டிக்கெட்டை விமான நிறுவனத்திடமே நேராக எடுங்கள்.