எந்த ஆண்டில் பள்ளிக்குப் போனீர்கள்?

வாசகர் கேள்வி – பதில்

(இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறையைப் பற்றிச் சொல்லும் குறைகளாகவே இருந்தமையால், இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.)

கேள்வி: நெடுங்காலம் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இன்றைய பிள்ளைகளிடம் வாசிப்பு அறவே இல்லாமல் போய்விட்டது. நாங்கள் அந்த வயதில் இப்படியா இருந்தோம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், செந்தூல்

பதில்: ஐயா, "நாங்கள்" என்று எழுதும்போது உங்களோடு படித்த எல்லாரையும் நினைத்தீர்களா, அல்லது புத்தகங்களை உங்களோடு மாற்றி மாற்றிப் படித்த நாலைந்து பேரை மட்டும் நினைத்தீர்களா? கடைசி வரிசையில் இருந்தவர்களை நினைவு எளிதில் தவறவிட்டுவிடும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த ஜான் புரோட்ஸ்கோ, ஜோனதன் ஸ்கூலர் என்னும் உளவியலாளர்கள், அமெரிக்கப் பெரியவர்களிடம் இளையோரைப் பற்றிக் கேட்டு, 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிறைய வாசித்தவர்களே இளையோர் வாசிப்பதில்லை என்று மற்றவர்களைவிட அழுத்திச் சொன்னார்கள். கட்டுப்பாட்டை உயர்வாக மதிப்பவர்களே இளையோருக்கு மரியாதை தெரியவில்லை என்று அதிகம் குறைப்பட்டார்கள். ஆக, நம்மிடம் எது மிகுதியாக இருக்கிறதோ அதுதான் பிள்ளைகளிடம் குறைவாக நம் கண்ணுக்குப் படுகிறது. இன்று நாம் இருக்கும் நிலையையே நம் இளமைக்கும், அதன் வழியாக நம் தலைமுறை முழுவதற்கும் ஏற்றிச் சொல்லிவிடுகிறோம்.

இதனால் வாசிப்பு குறையவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. 1924-இல் தொடங்கிய மலேசியத் தமிழ் நாளிதழ் "தமிழ் நேசன்" 2019-இல் நின்றுபோனது நமக்கெல்லாம் வருத்தம்தான். ஆனால் நாளிதழைக் காசு கொடுத்து வீட்டுக்கு வாங்கி வருவது எந்தக் காலத்திலும் பிள்ளைகளின் வேலையாக இருந்ததில்லையே!

கேள்வி: என் பெரியப்பா 1962-இலும் அப்பா 1964-இலும் பிறந்தவர்கள். இருவரும் கோலாலம்பூரில் ஒரே ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கப்பட்டவர்கள். ஆனால் பெரியப்பா ஆங்கிலம் அன்றி வேறெதிலும் செய்தி படிப்பதில்லை. அப்பாவோ எதையும் மலாயிலேயே எழுதுவார். ஒருவர் மற்றவரைக் கேலி செய்யாத தீபாவளி இல்லை. இரண்டே வயது வித்தியாசத்தில் இப்படியும் இருக்குமா?
– வாசகி, பந்தாய் டாலாம்

பதில்: அவர்களுக்கு நடுவில் நிற்பது 1970-ஆம் ஆண்டு. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் ஆண்டு வகுப்பு மலாய்வழிக்கு மாறியது. பிறகு ஆண்டுக்கு ஒரு வகுப்பாக அந்த மாற்றம் மேலேறி, 1982-இல் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பான ஆறாம் படிவத்தை எட்டியது. ஏழு வயதில் பள்ளிக்குப் போனவர்கள் என்று கொண்டால், பெரியப்பா சேர்ந்தது 1969-இல், அதாவது ஆங்கிலவழியின் கடைசி அணியில். அவர் ஒரு வகுப்பைவிட்டு அடுத்த வகுப்புக்குப் போகப் போக, அவருக்குப் பின்னால் அந்த வகுப்பு மலாய்க்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1971-இல் சேர்ந்த அப்பா, அண்ணன் பயன்படுத்திய பாடப்புத்தகங்களை வாங்கிப் படிக்கக்கூட வழியில்லாமல், அதே பள்ளியில் வேறொரு மொழியில் படித்து வெளியே வந்தவர்.

அதன் பிறகு வாழ்க்கையும் அப்படியே பிரிந்திருக்கும். அப்போதைய தனியார் நிறுவனங்கள் பெரியப்பாவின் ஆங்கிலத்துக்கு மரியாதை கொடுத்தன. அரசாங்க அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதும் நாளில் அப்பாவின் கை ஓங்கியது. தலைமுறையை வரையறுப்பது பிறந்த ஆண்டு மட்டும் அன்று, இளமையில் சேர்ந்து பட்ட அனுபவமே என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் கார்ல் மான்ஹைம் 1928-இல் எழுதினார். அவர் சொன்னபடி பார்த்தால், உங்கள் வீட்டு அண்ணனும் தம்பியும் இரண்டு தலைமுறை. நம் குடும்பங்களில் "அவருக்குப் பெருமை அதிகம்", "இவருக்கு ஆங்கிலம் வராது" என்று ஆளைக் குறித்துப் பேசப்படுபவற்றில் பாதி, அந்த ஆளுக்குத் தொடர்பே இல்லாத கல்விக் கொள்கையின் விளைவு என்பது என் எண்ணம்.

கேள்வி: 1978-இல் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் சேர்ந்து, ஓய்வுபெறும்வரை அங்கேயே உழைத்தேன். என் மகள் சில ஆண்டுகளுக்குள் நான்கு இடம் மாறிவிட்டாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு நிலைபுத்தி இல்லையே, ஏன்?
– இல்லத்தரசி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது பினாங்குத் தீவிலுள்ள அந்தத் தொழிற்பேட்டைக்கு ஆறு வயது, அது 1972-இல் தொடங்கப்பட்டது. பினாங்குப் பாலம் 1985-இல்தான் திறக்கப்பட்டது என்பதால், அக்கரையிலிருந்து வந்த பெண்கள் ஃபெரி ஏறித்தான் வேலைக்குப் போனார்கள். இரவு வேலைக்குக் கிளம்பும் இளம்பெண்களைப் பற்றி அன்று ஊர் என்னென்ன பேசியது என்பதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் அப்பா அம்மாவின் கண்ணெதிரே வேலை செய்யாமல், சம்பளத்தைத் தன் கையில் வாங்கி, தனக்குப் பிடித்த துணியை எடுத்த பெண்ணைத்தான் அன்றைய பெரியவர்கள் அடக்கமில்லாதவள் என்றார்கள். "இந்தக் காலத்துப் பெண்கள்" என்பது அப்போது உங்களைக் குறித்தது.

நிலைபுத்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் காலத்தில் ஒரே இடத்தில் இருந்தால் ஆண்டுதோறும் சம்பளம் ஏறியது, ஊழியர் சேமநிதியும் சேர்ந்தது. 1985, 1986 மந்தநிலையில் ஆட்குறைப்பு நடந்தபோது தப்பியவர்களுக்கு அந்த வேலையின் அருமையும் புரிந்தது. இன்று பலருக்கு முதல் வேலையே ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்தில்தான் கிடைக்கிறது. சம்பளம் கூட வேண்டுமானால் இடம் மாறுவதே பெரும்பாலும் வழி. மகளிடம் ஏன் மாறினாய் என்று கேட்பதைவிட, ஒவ்வொரு மாற்றத்திலும் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) கூடியது என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றுமே கூடவில்லை என்றால், உங்கள் குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: 1998-இல் பிறந்த என்னை இணையத்தில் "ஜென் ஸி" என்கிறார்கள். இது நமக்குப் பொருந்துமா?
– வாசகர், ஜாலான் ஈப்போ

பதில்: அரைகுறையாக. "ஜென் ஸி" இடம்பெறும் தலைமுறைப் பெயர்களின் வரிசை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946 முதல் 1964 வரை அமெரிக்காவில் பிறப்பு பெருகியதிலிருந்து எண்ணப்படுவது. அதே 1946-இல் இங்கே தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக வீட்டார் காத்திருந்தார்கள். இப்பெயர்களைப் பரப்பியவற்றுள் ஒன்றான அமெரிக்காவின் பியூ ஆய்வு மையமே, இனி அவற்றை அளந்துதான் பயன்படுத்தும் என்று 2023-இல் அறிவித்துவிட்டது. உங்களுக்கு இன்னும் நெருக்கமான அடையாளம் ஒன்று உண்டு: 2003-இல் நடைமுறைக்கு வந்த கொள்கையின்படி, தமிழ்ப்பள்ளியில் படித்திருந்தாலும் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்ற அணியில் நீங்கள் இருக்கிறீர்கள். அக்கொள்கை கைவிடப்பட்ட பின் பள்ளிக்குப் போன தம்பி தங்கைகளோடு வாய்ப்பாடு சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்காக மாலை நான்கு மணி முதல் நள்ளிரவு தாண்டியும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். காலை பத்து மணிக்கு எழுந்தால் தாத்தா "சோம்பேறி" என்கிறார். எப்படிப் புரியவைப்பது?
– வாசகர், கெப்போங்

பதில்: தாத்தா தோட்டத்தில் பால் வெட்டியவர் என்றால், அவருடைய கணக்கு மரத்திலிருந்து வந்தது. விடியலின் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே பெரட்டுக் களத்தில் (ஆட்களைக் கணக்கெடுக்கும் இடத்தில்) நின்று பெயர் கொடுத்துவிட்டு, தனக்கு ஒதுக்கிய மரவரிசையான நிரைக்கு ஓட வேண்டும். பிந்தினால் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) பால் குறையும், கூலியும் குறையும். மழை பெய்தால் பட்டை நனைந்து, பால் மங்குக்குள் விழாமல் வழிந்தோடும். அன்று வெட்டே இல்லை. அவருக்கு விடிந்தபின் படுத்திருப்பது என்றால் அரைநாள் கூலி போனது என்று பொருள்.

ஆகவே வாதம் வேண்டாம். ஓர் இரவு பதினொரு மணிக்கு உங்கள் மேசைக்குப் பக்கத்தில் அவருக்கு நாற்காலி போட்டு, பேசுகிறவர் எந்த நாட்டில் இருக்கிறார், அங்கே இப்போது என்ன நேரம் என்று காட்டுங்கள். இருட்டில் வேலை செய்வது அவருக்குப் புதிதல்ல. உங்களுக்குப் பெரட்டு எடுக்கும் கிராணி (தோட்டக் கணக்கர்) எந்த ஊரில் இருக்கிறார் என்று அவர் கட்டாயம் கேட்பார். அதற்கு மட்டும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள்.