மாத்திரை போட்டும் மறுபடி ரத்தக்கட்டி ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. எட்டு மாதங்களுக்கு முன் இடது கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி வந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவரோக்சபான் 20 மி.கி. மாத்திரையை, தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விடியற்காலையில் வெறும் வயிற்றில் போடுகிறார். ஒருநாள்கூட விட்டதில்லை. இப்போது அதே கால் மீண்டும் வீங்கியிருக்கிறது. ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் கட்டி இருப்பதாகச் சொல்கிறார்கள். மாத்திரை வேலை செய்யவில்லையா?

பதில்: தைராய்டு மாத்திரைக்கு வெறும் வயிறு சரி. ஆனால் ரிவரோக்சபான் 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் 20 மி.கி.யில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் ரத்தத்தில் சேரும். அம்மா ஒருநாள்கூட விடாமல் போட்டும் முழு மருந்து உடம்புக்குப் போகாமல் இருந்திருக்கலாம். சீட்டு எழுதும்போதே இதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

வேறு என்னென்ன மாத்திரை போடுகிறார் என்றும் பாருங்கள். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். ரிவரோக்சபானுக்குப் பதிலாக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு மாத்திரைகளான வார்ஃபாரின், அசிட்ரோம் போடுபவர்களுக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை அளவு) பெரும்பாலும் 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பாதுகாப்பு குறைவு.

அடுத்து, இது புதிய கட்டிதானா? இந்த மாத்திரைகள் கட்டியைக் கரைப்பதில்லை. கட்டி வளராமல் தடுப்பதே அவற்றின் வேலை. கரைக்கும் வேலையை உடம்பே மெல்லச் செய்கிறது. பலருக்குப் பழைய கட்டியின் தழும்பு குழாய்க்குள் தங்கிவிடும், காலும் அவ்வப்போது வீங்கும். பழைய ஸ்கேன் படங்களையும் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போய் ஒப்பிடச் சொல்லுங்கள்.

மருந்து சரியாகச் சேர்ந்தும் புதிதாக உறைந்திருந்தால், காரணத்தைத் தேட வேண்டும். மறைந்திருக்கும் புற்றுநோய் ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும். எடை குறைகிறதா, பசி இல்லையா என்று கேளுங்கள். அம்மாவுக்கு முன்பு அடிக்கடி கரு கலைந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தத்தை எளிதில் உறைய வைத்து, கருவையும் கலைக்கக்கூடிய ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற எதிர்ப்பொருள் கோளாறாக இருக்கலாம். அதில் ரிவரோக்சபானைவிட வார்ஃபாரினே நம்பகமானது. புற்றுநோய் என்றால் சில காலம், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசிக்கு மாற்றுவதுண்டு.

நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ இரட்டிப்பாக்கவோ வேண்டாம். இன்றே சிகிச்சை தரும் மருத்துவரிடம் பேசி, சாப்பாட்டோடு போடும் நேரத்துக்கு எப்படி மாற்றுவது என்று கேளுங்கள். திடீரென மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.