மனைவி பிள்ளை பெற்று 25 நாள் ஆகிறது, எப்போதும் அழுகிறாள், இது சாதாரணமா?

தம்பி, மனைவி எதற்கெடுத்தாலும் அழுகிறாள், உங்கள்மேல் எரிந்து விழுகிறாள், அவள் அம்மாவைக் கேட்டால் "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார், வாரக்கடைசியில் மட்டும் போய்ப் பார்த்து வரும் நான் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். "அப்படித்தான் இருக்கும்" என்று சொன்ன அந்த அம்மா இருக்கிறாரே, அவர் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். கேள்வியைப் படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் பதில். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் பத்து மாதமாக உடம்பில் ஏறியிருந்த ஹார்மோன்கள் இரண்டொரு நாளில் சரசரவென்று இறங்கிவிடும். பால் கட்டுவது, தையல் வலி, தூக்கமின்மை எல்லாம் அதே நேரத்தில் வந்து சேரும். அந்த அழுகை இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிட வேண்டும். உங்கள் மனைவிக்கு 25 நாள் ஆகிவிட்டது. அதனால் இதை "அப்படித்தான்" என்று விடக்கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான் பதில். மற்றது என் கதை, நேரம் இருந்தால் படியுங்கள்.

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் 34 வருடம் பால்வாடி டீச்சராக இருந்து 2020-இல் ஓய்வு பெற்றவள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் பெயரெல்லாம் என் கையால் பதிவேட்டில் ஏறியவை. சத்துமாவு பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "தண்ணி நல்லா குடிம்மா, சத்து மாத்திரையை நிறுத்திராத" என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கிறேன். 2022-இல் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். ஊருக்குச் சொன்னதில் ஒன்றைக்கூட நான் அவளுக்குச் செய்யவில்லை.

அவளுக்கு ஆபரேஷன் பண்ணித்தான் பிள்ளையை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே நான் என் மாமியாராக மாறிவிட்டேன். காலையில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சதகுப்பை எல்லாம் இடித்துக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிய மருந்து. மதியம் பூண்டுக் குழம்பு, இல்லாவிட்டால் பால் சுறாப் புட்டு. இதிலெல்லாம் குற்றம் இல்லை, ருசியாகத்தான் சாப்பிட்டாள். தண்ணீர் விஷயத்தில்தான் தப்புச் செய்தேன். "பச்சை உடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு போட்டுரும், ஜன்னி வந்துரும்" என்று என் மாமியார் எனக்குச் சொன்னதை வைத்து, கொதித்து ஆறிய தண்ணீர் அரை டம்ளர், அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் என்று கணக்கு வைத்தேன். அவள் கேட்டாள். "நாங்கல்லாம் பெறலையா?" என்றேன்.

ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும், குளியலறையில் பிளாஸ்டிக் கப்பு சிமெண்டுத் தொட்டியில் இடிக்கிற சத்தம் கேட்டது. எழுந்து போனேன். விளக்குப் போடாமல், ஒரு கையால் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு, குனிய முடியாமல் குனிந்து, என் மகள் கால் கழுவுகிற தண்ணீரை மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். மடக் மடக்கென்று அந்தச் சத்தம். நைட்டி முன்பக்கம் பாலும் தண்ணீருமாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். முப்பது வயதுப் பெண், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பத்துப் பேருக்கு வேலை சொல்கிறவள். நான் அன்றைக்கும் அவளைத் திட்டினேன் தம்பி. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

பால் கொடுக்கிறவளுக்கு மற்றவர்களைவிடத் தண்ணீர் கூடுதலாக வேண்டும். குறைத்தால் மலம் இறுகும், நீர்க்கடுப்பு வரும், தையல் போட்டவள் முக்கி முக்கி உயிர் போகும். என் மகளுக்கு இது எல்லாமே வந்தது. வயிறு பெரிதாகத் தெரிவதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. கர்ப்பப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வரவே ஆறு வாரம் ஆகும், விரிந்த வயிற்றுத் தசை சேர அதற்கும் மேலே ஆகும்.

உடனே சில பேர் பத்தியத்தையே குறை சொல்கிறாள் என்று கிளம்பி வருவீர்கள். நான் பூண்டையும் குறை சொல்லவில்லை, சுக்கையும் குறை சொல்லவில்லை. நாற்பது நாள் அடுப்படிப் பக்கம் விடாமல் உட்கார வைத்துச் சோறு போடுகிற நம் வழக்கம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருப்பதை மட்டும்தான் தப்பு என்கிறேன்.

அழுகைக்கு வருகிறேன். மூன்றாவது வாரத்திலிருந்தே அவள் பிள்ளையை எடுத்து வா என்றால் எடுப்பாள், கொடு என்றால் கொடுப்பாள், தானாக ஒன்றும் செய்ய மாட்டாள். பிள்ளை தூங்கும்போதும் இவள் விழித்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "அம்மா, இவன் என் பிள்ளைன்னே தோண மாட்டேங்குது" என்றாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். அந்த மாதிரிப் பேசினால் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லிச் சுற்றிப் போட்டேன்.

42-ஆம் நாள் கிராம சுகாதார நர்ஸ் வந்தார். பிள்ளையை எடை போட்டு எழுதிவிட்டுக் கிளம்புவார் என்று நினைத்தேன். அவர் என் மகள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, "உனக்குத் தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டார். ஒன்றரை மாதத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! பிள்ளை யார் ஜாடை, நார்மலா ஆபரேஷனா, பால் போதுதா என்று கேட்காதவர் இல்லை. நீ தூங்குகிறாயா என்று கேட்டது அவர் ஒருவர்தான். அவள் பதில் சொல்லவில்லை, அந்த அம்மா மடியில் தலையை வைத்துவிட்டாள். நர்ஸம்மா என்னைத் தனியாக அழைத்து, மறுநாளே மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்.

அந்த மாதிரி ஆட்களால்தான் கிராமத்தில் பல வீடு தப்பிக்கிறது. அவர்களையும் எங்களையும் யார் மதிக்கிறார்கள்? தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, சொட்டு மருந்து, கல்யாண வயது வராத பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தால் தகவல், எல்லாம் பால்வாடி டீச்சர் தலையில். 34 வருடம் உழைத்து வெளியே வந்தபோது எனக்குச் சிறப்பு ஓய்வூதியம் மாதம் 2000 ரூபாய். என் கால்வலி மாத்திரைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் சரியாகப் போனது. சரி, அது வேறு கதை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மருத்துவமனையில் தமிழில் பத்துக் கேள்வி கேட்டார்கள். கடந்த 7 நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா என்று போகும். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கிற எடின்பரோ அளவுகோல் என்பார்களாம், 1987-இல் வந்தது. கடைசிக் கேள்வி, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்று தோன்றியதா என்பது. "எப்பவாவது" என்று என் மகள் சொன்னாள். நான் பக்கத்து பெஞ்சில் பேரனை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பால் கொடுக்கிறவர்களும் சாப்பிடக்கூடிய மாத்திரை கொடுத்தார்கள், வாரம் ஒருமுறை பேசக் கூப்பிட்டார்கள். தைராய்டும் ரத்தமும் சோதித்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு மாறினாலும் ரத்தம் குறைந்தாலும் இந்தச் சோர்வு வருமாம். மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடினாள், நான் அடுப்படியில் நின்று கேட்டேன்.

"அந்தக் காலத்தில் இதெல்லாம் இருந்ததா" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இருந்தது. 1991-இல் இதே மகளைப் பெற்றுவிட்டு நான் கிணற்றடியில் உட்கார்ந்து அழுவேன். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அதற்கு என்ன பெயர் என்று எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நானும் மறந்துவிட்டேன், என் மகள் விஷயத்தில்தான் ஞாபகம் வந்தது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் அறியாமல் செய்கிறார். முடிந்தால் பத்து நாள் லீவு போட்டு அங்கே போய் இருங்கள். ராத்திரியில் பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடுவதும் துணி மாற்றுவதும் உங்கள் வேலையாக இருக்கட்டும், அவள் சேர்ந்தாற்போல் நாலு மணி நேரம் தூங்கட்டும். பார்க்க வருகிறவர்களை நீங்கள் வாசலிலேயே பேசி அனுப்புங்கள். இருமினால் தும்மினால் சிறுநீர் கசிகிறதா என்று மெதுவாகக் கேளுங்கள், பெண்கள் இதை வெளியே சொல்ல மாட்டார்கள், சிறுநீரை அடக்குகிற தசைக்கான பயிற்சியால் பெரும்பாலும் சரியாகும். நாலாவது மாதம் வாக்கில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டலாம், அதற்குப் பயப்பட வேண்டாம், திரும்ப முளைக்கும்.

காய்ச்சல், ஒரு மணி நேரத்தில் பேடு முழுக்க நனைகிற ரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், தாங்க முடியாத தலைவலி, இதில் எது வந்தாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செத்துப் போகலாம் போலிருக்கிறது என்றோ, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றோ சொன்னாலும், இல்லாத குரல் கேட்கிறது என்று சொன்னாலும், ஒரு நிமிடம்கூட தனியாக விடாமல் அன்றே கூட்டிப் போங்கள். ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, அரசின் டெலிமானஸ் எண், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

இன்னொன்று. என் மாப்பிள்ளை தங்கமானவர், தினமும் வீடியோ கால் பண்ணுவார். "பிள்ளையைக் காட்டு, பிள்ளையைக் காட்டு" என்பார். குணமான பிறகு மகள் என்னிடம் சொன்னாள், அத்தனை நாளில் ஒரு தடவைகூட போனை என் பக்கம் திருப்பச் சொல்லவில்லை என்று. இன்று ராத்திரி பேசும்போது திருப்பச் சொல்லிப் பாருங்கள் தம்பி. சனிக்கிழமை வரை காத்திருக்காமல் நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஏறுங்கள்.