டால்கிளீஷ் ஓடிப்போனாரா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

லிவர்பூல் கால்பந்து அணியில் ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் ஜெயித்தவர் என்று சென்ற கட்டுரையில் கென்னி டால்கிளீஷைப் பாராட்டியிருந்தீர்கள். நான் லிவர்பூல் ரசிகன். 1991 பிப்ரவரியில் அணி லீக் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அப்போது மேனேஜராக இருந்த அவர் சீசன் நடுவில் விலகினார். அந்த வருட லீக் கைநழுவியது, அடுத்த லீக் கிடைக்க 2020 ஆனது. மன அழுத்தம் தாங்கவில்லை என்று சொன்னவர் எட்டே மாதத்தில் பிளாக்பர்ன் என்ற வேறு கிளப்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பாதியில் விட்டு ஓடினார் என்று இதைச் சொல்லக் கூடாதா?

முரளி

அன்புள்ள முரளி,

சொல்லலாம்தான். ஆனால் விலகுவதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 20, புதன்கிழமை இரவு. அதே ஊர்ப் போட்டி அணியான எவர்ட்டனின் மைதானம் குடிசன் பார்க்கில், இங்கிலாந்தின் நாக்அவுட் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையின் மறு ஆட்டம். லிவர்பூல் நான்கு முறை முந்தியது, நான்கு முறையும் எவர்ட்டன் எட்டிப் பிடித்தது. கூடுதல் நேரத்தில் ஜான் பார்ன்ஸ் தூரத்திலிருந்து வளைத்து அடித்து 4-3 ஆக்கியபோது கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். தடுப்பில் ஓட்டை விழுந்திருப்பது டால்கிளீஷுக்குத் தெரியும். ஆளை மாற்றி நிறுத்தி அதை அடைக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் எதுவும் செய்யாமல் நின்றார். எவர்ட்டனின் டோனி காட்டி அவர்களது நான்காவது கோலை அடித்தார். தெரிந்தும் செய்ய முடியவில்லை என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை ராஜினாமா.

இது தயங்குகிற ஆள் செய்த காரியம் என்றால் விட்டுவிடலாம். 1977-ல் ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்பிலிருந்து 4,40,000 பவுண்டுக்கு வந்து, நட்சத்திர ஆட்டக்காரர் கெவின் கீகன் விட்டுப்போன 7-ஆம் எண் சட்டையைப் போட்டவர் அவர். அடுத்த வருடம் வெம்பிளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். சக ஆட்டக்காரர் கிரேம் சூனஸ் தள்ளிய பந்து கிடைத்ததும் உடனே அடிக்கவில்லை. கோல்கீப்பர் கீழே விழும்வரை அரை நொடி பொறுத்து, விழுந்தவர் மேலாகத் தூக்கிப் போட்டார். எப்போது பொறுக்க வேண்டும், எப்போது அடிக்க வேண்டும் என்பது காலிலேயே இருந்த மனிதர். 1986 மே 3, செல்சியின் மைதானம். அப்போது அவர் ஆடுகிற மேனேஜர். அணிப் பட்டியலில் தன் பெயரைத் தானே எழுதி இறங்கி, பந்தை நெஞ்சில் வாங்கி, தரையில் விழுவதற்குள் அடித்து லீக் பட்டத்தை வாங்கித் தந்தார். ஒரு வாரம் கழித்து எஃப்.ஏ. கோப்பையும் வந்தது.

அப்படிப்பட்டவருக்கு ஏன் வாய் கட்டிப்போனது? 1989 ஏப்ரல் 15-க்குப் போகாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் சிக்கிய நெரிசல். மொத்தம் 97 உயிர்கள். அவருடைய மகனும் அன்று அந்த மைதானத்தில்தான் இருந்தான். அடுத்து வந்த நாட்களில் லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டின் கதவைத் திறந்துவிட்டார்கள், கோப் என்கிற ரசிகர் பகுதி முழுக்கப் பூக்கள். எல்லா இறுதிச் சடங்குக்கும் கிளப்பிலிருந்து யாராவது போயாக வேண்டும் என்பதில் டால்கிளீஷும் மனைவி மரீனாவும் உறுதியாக இருந்தார்கள். ஒரே நாளில் நான்கு சடங்குகளுக்குப் போயிருக்கிறார். நான்கு வீட்டு அம்மா அப்பா முகங்கள். சனிக்கிழமை வந்தால் அணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறார். 1971-ல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டில் 66 பேர் இறந்த அன்று, 19 வயது செல்டிக் பையனாக அந்த மைதானத்தில் இருந்தார். 1985-ல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் இறந்த இரவில் லிவர்பூலுக்காக ஆடினார். அந்தச் சூடு ஆறுவதற்குள் மேனேஜர் பதவி கைக்கு வந்தது. 1991 வாக்கில் உடம்பெல்லாம் தடிப்பு, அதற்கு ஊசி. அந்த இரவு குடிசன் பார்க்கில் நின்ற மனிதர் இதையெல்லாம் சுமந்துகொண்டுதான் நின்றார்.

எட்டு மாதத்தில் தேறிவிட்டாரா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பிளாக்பர்ன் அப்போது இரண்டாம் டிவிஷன், எஃகு வியாபாரி ஜாக் வாக்கரின் பணத்தில் எழுந்துகொண்டிருந்த கிளப். என் ஊகம் இதுதான்: அவரைக் களைக்க வைத்தது கால்பந்து இல்லை, லிவர்பூல். பிளாக்பர்னில் அவர் போய் நிற்க வேண்டிய துக்க வீடு எதுவும் இல்லை. அந்த பிளாக்பர்ன் மேல் டிவிஷனுக்கு ஏறி, 1995-ல் பட்டத்துக்கே போட்டியிட்டது. மே 14, கடைசி ஆட்டம் ஆன்ஃபீல்டிலேயே அமைந்தது. கடைசி நேரத்தில் ஜேமி ரெட்நாப்பின் ஃப்ரீகிக், லிவர்பூல் 2-1. அங்கே வெஸ்ட் ஹாமில் பட்டத்துக்குப் போட்டியிட்ட மான்செஸ்டர் யுனைடெட்டும் ஜெயிக்காததால் தோற்ற பிளாக்பர்னுக்கே பட்டம். லிவர்பூல் ரசிகர்கள் எழுந்து கைதட்டினார்கள். ஓடிப்போனவர் என்று நினைத்திருந்தால் தட்டியிருப்பார்களா, நீங்களே சொல்லுங்கள்.

குறை சொல்ல வேண்டுமென்றால் வேறு இடம் இருக்கிறது. 2011-ல் மறுபடி லிவர்பூலுக்கு மேனேஜராக வந்தபோது, மான்செஸ்டர் யுனைடெட்டின் பாட்ரிஸ் எவ்ராவிடம் நிறவெறிச் சொல் பேசியதற்காகத் தடை பெற்ற லிவர்பூல் ஆட்டக்காரர் லூயிஸ் சுவாரெஸின் படம் போட்ட டி-ஷர்ட்டை அணி முழுதும் அணிந்து மைதானத்துக்கு வந்தது. டால்கிளீஷ் அதன் பக்கம் நின்றார். தன் ஆளை விட்டுக்கொடுக்காத அதே குணம்தான், ஆனால் அங்கே அது கண்ணை மறைத்தது. அடுத்த மே மாதம் வேலை போனது. எனக்கு அதில் வருத்தமில்லை.

அப்புறம் ஒன்று. நீங்கள் சொல்கிற 1991 பட்டத்தை ஆர்சனல் கொண்டுபோனது. அந்த அணியின் மேனேஜர் ஜார்ஜ் கிரஹாமும் டால்கிளீஷைப் போலவே ஸ்காட்லாந்துக்காரர்தான்.