பீட்டர் மூர்ஸ் புள்ளிவிவரத்தில் டெஸ்ட் காலி, டி20 மட்டும் ஏன்?

பீட்டர் மூர்ஸ் பற்றிய உங்கள் கட்டுரைக்கான புள்ளிவிவர அட்டவணையில் டெஸ்ட் வரிசை காலியாகவும் டி20-ல் மட்டும் ரன்கள் இருப்பதாகவும் கேட்டிருந்தீர்கள். டெஸ்ட் வரிசை காலியாக இருப்பது பிழையில்லை. இங்கிலாந்துக்கு 2007-லும் 2014-லும் பயிற்சியாளரான பீட்டர் மூர்ஸ் அந்த அணிக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை.

நீங்கள் சொல்லும் டி20 ரன்கள் அநேகமாக அவர் மகன் டாம் மூர்ஸுடையவை. அப்பாவைப் போல அவரும் விக்கெட் கீப்பர்தான், நாட்டிங்காம்ஷயர் அணிக்காக ஆடியவர், அதனால் எளிதில் குழம்பும்.

பிறந்த ஆண்டைப் பாருங்கள்: அப்பா 1962, மகன் 1996. இங்கிலாந்தின் கவுன்ட்டி (மாவட்ட) அணிகளுக்கிடையே டி20 தொடங்கியதே 2003-ல், அப்பா 1998-லேயே ஆட்டத்தை நிறுத்திவிட்டார். அப்புறம், கவுன்ட்டி ஒருநாள் ரன்கள் அப்பாவுக்கும் உண்டு, அவற்றை நீக்கிவிடாதீர்கள்.

கட்டுரையில் சசெக்ஸ் கவுன்ட்டி அணியின் 2003 பட்டத்தை பீட்டர் மூர்ஸ் 'ஆடி வென்றதாக' எழுதியிருக்கிறீர்கள், அதையும் மாற்றுங்கள். அப்போது அவர் பயிற்சியாளர். ஹோவ் மைதானத்தில் லெஸ்டர்ஷயருக்கு எதிராக சசெக்ஸ் பேட்ஸ்மேன் முர்ரே குட்வின் ஒரு புல் ஷாட்டில் பவுண்டரி அடித்ததும் சசெக்ஸுக்கு முதல் கவுன்ட்டி சாம்பியன்ஷிப் பட்டம் உறுதியானது. அந்த சீசனில் சசெக்ஸின் சுழற்பந்து வீச்சாளர் முஷ்டாக் அகமது 103 விக்கெட் எடுத்தார். 2011-ல் லங்காஷயர் அணியையும் பயிற்சியாளராக மூர்ஸ் அதே பட்டத்தை ஜெயிக்க வைத்தார். என்னைக் கேட்டால், அவரை எடைபோட பேட்டிங் சராசரியைவிட இந்த இரண்டு பட்டங்கள்தான் சரியான அளவுகோல்.