பதினாறு வயதில் எல்லோரையும் தெரிந்த பையன்

"என் மகனுக்கு 16 வயது. யாரிடமும் தயங்காமல் பேசுகிறான். பெரிய பெரிய ஆட்களின் எண்கள் அவன் போனில் இருக்கின்றன. இவன் வாழ்க்கைக்குத் தயாராகிவிட்டான் என்று நிம்மதியாக இருக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி தயார் என்று சொல்வேன். மீதிப் பாதி எது என்பது என் அண்ணன் மகனைப் பார்த்துத்தான் எனக்கே புரிந்தது.

அவனும் அந்த வயதில் அப்படித்தான். ஒரு கூட்டத்துக்குள் நுழைந்தால் பத்து நிமிடத்தில் ஐந்து பேரோடு பழகியிருப்பான். ஒரே ஒருமுறை பார்த்தவரை ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும், "உங்க அம்மாவுக்கு முட்டி வலி இப்ப பரவாயில்லையா சார்?" என்று கேட்பான். அதில் நடிப்பே கிடையாது, அவனுக்கு உண்மையாகவே ஞாபகம் இருக்கும். கேட்டவர் உருகிப்போவார். பக்கத்தில் நிற்கும் எனக்குப் பெருமை தாங்காது.

17 வயதில், சொந்தமாகத் தொழில் நடத்தும் ஒருவரிடம் பேசி, அவருக்கு இணையதளம் செய்து தருவதாக ஒப்புக்கொண்டான். முதல் சந்திப்பு அமர்க்களமாக நடந்தது. இரண்டாம் வாரமே வேலை எங்கேயோ சிக்கிக்கொண்டது. அவன் அதை அவரிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டில் உட்கார்ந்திருந்தான். மேஜைமேல் இருந்த போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்பு வரை நகர்ந்து வந்தது. எடுத்துக் கவிழ்த்து வைத்தான். "யாருடா?" என்றேன். "யாருமில்ல அத்தை." மறுபடி அடித்தது. மறுபடியும். நாலாவது தடவை அடித்தபோது அவன் காது இரண்டும் சிவந்து போயிருந்தன. அவ்வளவு பேரிடம் வாய் ஓயாமல் பேசிய பிள்ளைக்கு, "எனக்கு இது தெரியலை சார், இன்னும் முடிக்கலை" என்ற ஒரு வரி வாயில் வரவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. அதுவரை பேச்சு அவனை எங்கேயும் கைவிட்டதில்லை. வீட்டுப்பாடம் முடிக்காத நாளில்கூடச் சிரித்துப் பேசித் தப்பித்தவன். பேச்சு உதவாத இடத்தில் என்ன செய்வது என்று பழக அவனுக்கு வாய்ப்பே வந்ததில்லை. அப்புறம் இன்னொன்று. 16 வயதில் கிடைக்கும் பாராட்டில் பாதி அந்த வயதுக்கானது. அதே பேச்சை 26 வயதில் பேசினால் யாரும் வியக்க மாட்டார்கள், வேலை முடிந்ததா என்றுதான் கேட்பார்கள்.

அதற்காக அவன் திறமையைச் சின்னதாக நினைத்துவிடாதீர்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்த நபரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டதைச் சொல்கிறார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கும் ஆட்கள். உங்கள் மகன் சேர்த்து வைத்திருப்பது அப்படிப்பட்ட அறிமுகங்களைத்தான். நாளைக்கு நிச்சயம் கைகொடுக்கும்.

ஆனால் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 169 பிள்ளைகளை 15 வயதிலிருந்து 25 வயது வரை கவனித்து 2017-ல் எழுதியதையும் சொல்ல வேண்டும். 15, 16 வயதில் நெருக்கமான நட்பு வாய்த்தவர்களுக்கு, 25 வயதில் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன, தங்கள்மேல் மதிப்பு கூடியிருந்தது. சக பிள்ளைகள் நடுவில் பிரபலமாக இருந்தவர்களிடம், மற்றவர்களோடு பழகுவதில் பதற்றம் அதிகமாகத் தெரிந்தது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் போனில் அவன் வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்? மனசு சரியில்லாத ராத்திரியில் எந்த எண்ணை அழுத்துவான்? பதில் சட்டென்று வந்தால் எனக்குப் பாதிக் கவலை போய்விடும்.

இன்னொரு விஷயம், அவன் ஒப்புக்கொண்டு முடிக்காததை நீங்கள் போய்ச் சரிசெய்யாதீர்கள். அவனுக்காக நீங்கள் போன் பண்ணி மன்னிப்புக் கேட்காதீர்கள். அன்றைக்கு என் கையும் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, "எடுத்துப் பேசு, நான் இங்கேயே இருக்கேன்" என்றேன். அடுத்த தடவை எடுத்தான். அவர் திட்டவில்லை. "முதல்லயே சொல்லியிருந்தா வேற ஆளைப் பார்த்திருப்பேனே தம்பி" என்றாராம். அந்த வார்த்தை அவனை நாள்கணக்கில் அறுத்தது.

இப்போது அவனுக்கு 24 வயது. முட்டி வலியை இன்னும் விசாரிக்கிறான். போன மாதம் ஒரு வேலை தள்ளிப்போகும் என்று தெரிந்ததும், அவர்கள் கேட்பதற்கு முன்பே இவனாக அழைத்தான். என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசினான். பழைய இனிப்புப் பேச்சு எதுவும் இல்லை. என்று முடியும் என்று தேதியைச் சொன்னான், மன்னிப்புக் கேட்டான், இரண்டே நிமிடத்தில் வைத்துவிட்டான்.