எழுத்தாளர் வேலைநிறுத்தமும் அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களும்: கேள்வி பதில்

அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் வேலைநிறுத்தங்கள் அங்குள்ள பகல்நேரத் தொடர்களை, அதாவது சோப் ஓபராக்களை, எவ்வாறு பாதிக்கின்றன என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். நான் அந்தத் தொழிலில் வேலை செய்தவள் அல்லள். 1994-இல் நியூ ஜெர்சிக்குக் குடிவந்து, ஆங்கிலப் பேச்சு காதில் பழக வேண்டும் என்பதற்காக மதிய நேரத்தில் இத்தொடர்களைப் பார்க்கத் தொடங்கியவள்; பிறகு அவற்றின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தவள். அந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எழுத்தாளர்கள் வேலையை நிறுத்தினால் தொடர்களும் நின்றுவிடுமா?

நிற்பதில்லை. 2007 நவம்பர் 5 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியதும் இரவு நேர அரட்டை நிகழ்ச்சிகள் உடனே பழைய நிகழ்ச்சிகளைப் போடத் தொடங்கின. ஏனென்றால் அவற்றின் நகைச்சுவை அன்றன்று எழுதப்படுவது. மாலை நேரத் தொடர்கள் கையில் இருந்த கதைகள் தீர்ந்தவுடன் ஒவ்வொன்றாக நின்றன. பகல்நேரத் தொடர்களோ வேலைநிறுத்தம் நீடித்த 100 நாள்களும் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. படப்பிடிப்பு சில வாரங்கள் முன்கூட்டியே நடக்கும், எழுத்து வேலை அதற்கும் முன்னே ஓடும் என்பதால், முதல் சில வாரங்களில் திரையில் எந்த மாற்றமும் தெரியாது. 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' என்ற தொடர் பிற்காலத்தில் பல மாதங்கள் முன்னதாகவே படமெடுத்து வைக்கும் வழக்கத்துக்கு வந்துவிட்டதால், 2023-இல் 148 நாள்கள் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது அதற்கு இன்னும் நீண்ட மூச்சு இருந்தது.

என் கருத்தில் இந்த எழுத்தாளர்களின் துரதிர்ஷ்டமே இதுதான். மற்றவர்கள் பேனாவைக் கீழே வைத்தால் திரை இருண்டு நாடே கவனிக்கிறது. இவர்கள் வைத்தால் யாருக்கும் தெரிவதில்லை.

கேள்வி: கையிருப்பு தீர்ந்த பிறகு யார்தான் எழுதுகிறார்கள்?

இதைச் சொல்வதற்கு முன், சாதாரண நாள்களில் எப்படி எழுதுகிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். தலைமை எழுத்தாளர் அடுத்த பல மாதங்களுக்கான கதைப்போக்கை ஒரு நீண்ட ஆவணமாக எழுதித் தொலைக்காட்சி நிறுவனத்தின் ஒப்புதலைப் பெறுகிறார். அதை வாரம் வாரமாகவும் நாள் நாளாகவும் பிரித்து, எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி, விளம்பர இடைவேளைக்கு முன் எந்த இடத்தில் நிறுத்துவது என்று வரைவு எழுதுபவர்கள் தனி. அந்த வரைவை வைத்து ஆளுக்கு ஓர் எபிசோட் என்று வசனம் எழுதுபவர்கள் தனி. கடைசியில் எல்லாவற்றையும் ஒரே கையால் எழுதியது போலச் சீராக்கிக் கொடுக்க ஒரு பதிப்பாசிரியர் இருக்கிறார். ஆண்டுக்கு ஏறத்தாழ 250 எபிசோட் என்ற ஓட்டத்துக்கு இப்படி ஒரு தொழிற்சாலை அமைப்பு இல்லாமல் முடியாது.

வேலைநிறுத்தத்தில் இந்த அறை காலியாகும்போது, தயாரிப்பாளர்களும் சங்கத்தில் சேராதவர்களும் உள்ளே வருகிறார்கள். நம் தொழிற்சங்கத் தமிழில் கருங்காலி என்ற ஒரே சொல் இவர்கள் எல்லோரையும் அடக்கிவிடும்; ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் இன்னொரு வகையும் உண்டு. 1963-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பின் வழியில், ஒருவர் சங்கத்தின் முழு உறுப்பினர் பதவியைத் துறந்து, சந்தாவை மட்டும் செலுத்திக்கொண்டு, வேலைநிறுத்தத்தின் நடுவிலும் வேலைக்குப் போகலாம். இதற்கு 'ஃபைனான்சியல் கோர்' என்று பெயர். அவருக்குச் சங்கத் தேர்தலில் வாக்கு கிடையாது. ஆனால் சங்கம் அவரைத் தண்டிக்கவும் முடியாது. 2008-இல் வேலைநிறுத்தம் முடிந்த பின், இவ்வழியில் போன 28 பேரின் பெயர்களைச் சங்கத் தலைவர்கள் கடிதம் எழுதி வெளியிட்டார்கள். அப்பட்டியலில் பெரும்பாலோர் பகல்நேரத் தொடர் எழுத்தாளர்கள்.

அவர்களை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆயினும் அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. மாலைத் தொடர் நின்றால் திரும்பி வரும். வீழ்ந்துகொண்டிருக்கும் பகல்நேரத் தொடர் ஒருமுறை நின்றால் திரும்பி வராது என்று அவர்கள் நினைத்தார்கள்.

கேள்வி: வேறு ஆள் எழுதினால் பார்ப்பவர்களுக்குத் தெரியுமா? கதை எப்படியும் இழுவைதானே?

இழுவையிலும் தரம் உண்டு. நாள்தோறும் பார்ப்பவருக்கு நன்றாகவே தெரியும். 2008-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நான் கவனித்ததைச் சொல்கிறேன். சமையலறை மேசைக் காட்சி ஒன்றில் இரண்டு சகோதரிகள், பார்வையாளர் ஏற்கெனவே மூன்று நாளாகக் கேட்டுவிட்ட செய்தியையே ஒருவருக்கொருவர் முழு வாக்கியங்களில் சொல்லிக்கொண்டார்கள்; காபிக் கோப்பை கையில் இருந்தது, ஒரு வாய் கூடக் குடிக்கவில்லை. வழக்கமான எழுத்தாளர் எழுதியிருந்தால் மூத்தவள் பாதியில் குறுக்கிட்டு, பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு துரோகத்தை ஒரே வரியில் சுருக்கென்று குத்திக் காட்டியிருப்பாள். அந்த ஒரு வரிதான் புதியவருக்கு வராது. யார் யாருக்கு என்ன உறவு என்பதைக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளலாம். யார் எதை மன்னிக்கவில்லை என்பது குறிப்பேட்டில் இருக்காது.

இதற்கு எதிரான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 1981-இல் ஏப்ரல் முதல் ஜூலை வரை எழுத்தாளர் வேலைநிறுத்தம் நடந்தது. அதே கோடையில்தான் 'ஜெனரல் ஹாஸ்பிட்டல்' தொடரில், வானிலையைக் கட்டுப்படுத்தும் எந்திரத்தால் ஒரு வில்லன் ஊரையே உறைய வைக்கப் பார்க்கும் கதை ஓடியது. கேட்பதற்கே சிரிப்பு வரும் கதை; ஆனால் மக்கள் தொடரைக் கைவிடவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அத்தொடரின் நாயகன் லூக்குக்கும் நாயகி லாராவுக்கும் நடந்த திருமணத்தை ஏறத்தாழ 3 கோடிப் பேர் பார்த்தார்கள்.

கேள்வி: 2023-இல் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போதும் இத்தொடர்களின் படப்பிடிப்பு நடந்தது எப்படி?

ஒப்பந்தம் வேறு என்பதுதான் காரணம். ஜூலை 14 அன்று நடிகர் சங்கம் தொடங்கிய வேலைநிறுத்தம் திரைப்படங்களுக்கும் மாலை நேரத் தொடர்களுக்கும் உரிய ஒப்பந்தம் பற்றியது. பகல்நேரத் தொடர் நடிகர்கள் அதே சங்கத்தினர்தாம் என்றாலும், 'நெட்வொர்க் கோட்' என்னும் தனி ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்கிறார்கள். அது அப்போது நடைமுறையில் இருந்ததால் அவர்கள் படப்பிடிப்புக்குச் செல்வதில் விதிமீறல் எதுவும் இல்லை.

கேள்வி: பழைய எபிசோடுகளை மறுஒளிபரப்பு செய்து சமாளித்திருக்கலாமே?

செய்யலாம், ஆனால் நிறுவனங்கள் அஞ்சுகின்றன. நாள்தோறும் ஒரே நேரத்தில் தொலைக்காட்சியைப் போடும் பழக்கத்தின் மேல்தான் இந்தத் தொழிலே நிற்கிறது. பழக்கம் ஒரு மாதம் விட்டுப்போனால் அந்த நேரத்துக்கு வேறு வேலை வந்துவிடும். 2020-இல் கொரோனாவால் படப்பிடிப்பு நின்றபோது வேறு வழியின்றி மூன்று தொடர்கள் பழையவற்றை ஒளிபரப்பின. அதே மாதங்களில் நம் தமிழ்ச் சேனல்களும் பழைய சீரியல்களைத் தூசு தட்டி எடுத்தது நினைவிருக்கும்.

இதில் எழுத்தாளரின் வருமானமும் அடங்கியிருக்கிறது. மாலைத் தொடர் எழுத்தாளருக்கு ஒவ்வொரு மறுஒளிபரப்புக்கும் ஒரு தொகை வரும். பகல்நேரத் தொடர்கள் வழக்கமாக மறுஒளிபரப்பாவதில்லை என்பதால், இவர்களுக்கு வாரச் சம்பளத்தைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. வேலைநிறுத்தக் காலத்தில் முதலில் கை வறள்பவர்கள் இவர்களே.

கேள்வி: அடுத்தடுத்துத் தொடர்கள் மூடப்பட்டதற்கு 2007 வேலைநிறுத்தம்தான் காரணமா?

முழுப் பழியையும் அதன் மேல் போடுவது சரியல்ல. 1995-இல், முன்னாள் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கு விசாரணை மாதக்கணக்கில் பகல் நேரத்தை விழுங்கியபோதே பலர் விலகிவிட்டார்கள். என் பக்கத்து வீட்டு மூதாட்டி கூட நீதிமன்றத்துக்கு மாறியவர் திரும்பவே இல்லை. பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போனதும் கேபிள் சேனல்கள் பெருகியதும் அதற்கு முன்பே தொடங்கிய அரிப்பு. 2008 பிப்ரவரி 12 அன்று வேலைநிறுத்தம் முடிந்து இரண்டரை வாரத்தில் 'கைடிங் லைட்' தொடர் செலவைக் குறைக்க, ஸ்டுடியோவின் பெரிய கேமராக்களை விட்டுக் கைக்கேமராக்களுக்கு மாறி, வெளிப்புறக் காட்சிகளை நியூ ஜெர்சியின் பீப்பேக் என்ற சிற்றூரில் எடுத்துக் காட்டத் தொடங்கியது. வானொலியில் 1937-இல் பிறந்த அத்தொடர் 2009 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த ஆண்டு 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்', அதன் பின் 'ஆல் மை சில்ட்ரன்', 2012 ஜனவரியில் 'ஒன் லைஃப் டு லிவ்' என்று வரிசையாகப் போயின. சாய்ந்துகொண்டிருந்த சுவருக்கு வேலைநிறுத்தம் இன்னுமோர் இடி, அவ்வளவே. 2025 பிப்ரவரியில் சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் 'பியாண்ட் தி கேட்ஸ்' என்ற புதிய தொடரைத் தொடங்கியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: இனிமேல் செயற்கை நுண்ணறிவையே எழுத வைத்துவிடுவார்களோ?

2023 வேலைநிறுத்தத்தின் முடிவில் எழுத்தாளர் சங்கம் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, எந்திரம் எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கிட முடியாது. அத்தகைய பிரதியை எழுத்தாளரிடம் கொடுத்தால் அதை நிறுவனம் தெரிவித்தாக வேண்டும். ஆண்டுக்கு 250 எபிசோட் கேட்கும் தொழிலில் இந்த ஆசை எழாமல் இருக்காது என்பதால், இந்த விதி மற்றவர்களைவிடப் பகல்நேர எழுத்தாளர்களுக்கே அதிகம் தேவை என்பேன்.

கேள்வி: வேலைநிறுத்தம் முடிந்து பழைய எழுத்தாளர்கள் திரும்பி வரும்போது என்ன நடக்கிறது?

முதலாவதாக, எல்லோரும் திரும்புவதில்லை. 2007-08-இல் சில தொடர்களில் தலைமை எழுத்தாளரே மாறிவிட்டார். திரும்பியவர்களுக்கு முன்னால், தாங்கள் எழுதாத மூன்று மாதக் கதை கிடக்கிறது: யாரோ ஒருவர் செத்திருப்பார், யாருக்கோ தெரியக் கூடாத ரகசியம் தெரிந்திருக்கும். அதை அழிக்க முடியாது, ஒளிபரப்பாகிவிட்டது. தாம் விட்டுப்போன கதையின் நூலை எடுத்து இதனோடு முடிச்சுப் போட வேண்டும். அதையும் படப்பிடிப்பு ஒரு நாள் கூட நிற்காமல் செய்ய வேண்டும். இவ்வளவையும் செய்யும்போது, மறியல் பலகையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றவரும், அந்த மூன்று மாதமும் உள்ளே உட்கார்ந்து எழுதியவரும் சில தொடர்களில் ஒரே கதைக் கூட்டத்தில் பங்கேற்க வேண்டியிருந்தது.